ஒட்டுக்கா

ஜூன் 18, புதன்

காலிங் பெல் மறுபடியும் கெட்டுப்போய்விட்டது. வீட்டில் நான் மட்டும் இருந்த நேரத்தில் கூரியர்காரர் பத்து நிமிஷம் அடித்துப் பார்த்துவிட்டு, கேட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மாதத்தில் இரண்டாம் முறையாக பாட்டரி மாற்றினேன். வெளியில் நின்று அழுத்தினேன். சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். தெய்வானை கரண்டியும் கையுமாக வந்து, "ஏனுங்க, சின்னப் புள்ளையாட்ட எதுக்குச் சும்மா சும்மா அடிச்சுட்டு இருக்கறீங்க?" என்கிறாள். அவளுக்குக் கேட்கிறதாம்.

மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, மேஸ்திரியாகி, ஷிப்ட் முடிகிறபோது அன்றன்றைக்கு நடந்ததை நோட்டில் எழுதிப் பழகிய கை இது. ரிடையராகி நாலு வருஷமாகியும் எழுதாமல் படுக்க முடியவில்லை. ஆகவே இன்றைய ரிப்போர்ட்: பெல் ரிப்பேர். டி.வி.யின் ஸ்பீக்கரும் சரியில்லை, அறுபதில் வைத்தாலும் முணுமுணுக்கிறது. தெய்வானை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாள். அவளுக்கு எல்லாமே நாடகம்.

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை என்பதும் உண்மை. ரேஷன் கடையில், பாங்கில், எல்லா இடத்திலும் உதட்டுக்குள்ளேயே பேசுகிறார்கள்.

என்னோடு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த காதர் மொய்தீன் காதில் ஒரு மிஷின் மாட்டிக்கொண்டு திரிகிறான். என்னையும் வந்து பார்க்கச் சொல்கிறான். அவனுக்கு வயதாகிவிட்டது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயதுதான் என்பது வேறு விஷயம்.

ஜூன் 21, சனி

நல்ல மழை. மகள் தாரணி நேற்றே பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டாள். அங்கே பாலிடெக்னிக்கில் லெக்சரர். வார நாளெல்லாம் ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு. வயது இருபத்தேழு. வரன் பார்க்கலாமா என்று கேட்டால் இரண்டு வருஷமாக "அப்புறம்ப்பா" என்கிறாள்.

நான் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். தகரத்தில் விழுகிற மழையில் யாருக்குத்தான் என்ன கேட்கும்? "காலேஜ்" என்றது கேட்டது. "குன்னூர்" என்றது கேட்டது. "ரெண்டு வருஷம்" என்று ஏதோ சொன்னாள். பிள்ளைகளைக் குன்னூருக்கு டூர் கூட்டிப் போகிறார்கள் போலிருக்கிறது, இரண்டு வருஷமாகக் கேட்டு இப்போதுதான் பிரின்சிபால் விட்டிருப்பார். பத்து நிமிஷம் பேசினாள். நடுவில் தலையாட்டினேன். குழந்தை ஆசையாகப் பேசும்போது என்ன, என்ன என்று கேட்டு அறுக்கக் கூடாது.

கடைசியில் "என்னப்பா சொல்றீங்க?" என்றாள். அது அவள் வாயசைப்பிலேயே தெரிந்தது.

"நீ படிச்ச புள்ள அம்மிணி. யோசிக்காம ஒண்ணும் செய்ய மாட்ட. உன்ற இஷ்டம்" என்றேன்.

ஓவென்று அழுதுவிட்டாள். என் கையில் இருந்த கிரீஸையும் பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு டூருக்கு இவ்வளவு அழுகையா! ஆனாலும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. கடைசியாக அவள் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது பத்தாவது ரிசல்ட் வந்த அன்று.

ஜூன் 22, ஞாயிறு

தெய்வானை காலையிலிருந்து என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறாள். காப்பியை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்: "நெசமாலுமே தாரணிகிட்டச் செரின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்கென்ன? ஊருல நடக்காததா?"

"கோவமில்லீங்களா உங்களுக்கு?"

"எதுக்குக் கோவம்? குன்னூரு குளுரு பொல்லாத குளுரு, அது ஒண்ணுதான் பாத்துக்கோணும். அவங்களுக்கு எப்பத் தோதுப்படுதோ அப்ப வெச்சுக்கட்டும்."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், மத்தியானம் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். தீபாவளிக்குக்கூடச் சுடாதவள். நாலு தின்றேன். வீட்டில் இரண்டு பெண்களுக்கும் என்னவோ ஆகிவிட்டது, எனக்கு நல்லதாகவே ஆகியிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளியங்கிரி நேரில் வந்தான். போன் அடித்தால் நான் எடுப்பதில்லை என்று குறை. போன்தான் அடிப்பதில்லை.

இவனும் நானும் ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவர்கள். நான் ரிங் பிரேமில் நூல் ஓட்டினேன், அவன் பக்கத்து வரிசையில் பிட்டர். இரண்டு பேருக்கும் ஒரே சொந்தபந்தம், ஒரே குலதெய்வத் திருவிழா. காதரையும் சேர்த்து மூன்று பேரும் ஷிப்ட் முடிந்து மில் கேட் கடையில் புரோட்டா தின்றதற்குக் கணக்கே கிடையாது.

அவினாசி ரோட்டில் மொட்டை மாடியில் ஒரு ஓட்டல் திறந்திருக்கிறார்களாம். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கச்சேரியாம். பாடுகிறவர்கள் நேரிலேயே வந்து பாடுகிறார்கள், நாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். "மூணு பேரும் போறோம். பொம்பளைங்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை. உங்கிட்ட ஒரு விசியமும் பேசோணும்" என்றான். அவன் சொன்னதைத் தெய்வானை எனக்கு ஒருமுறை திருப்பிச் சொன்னாள். ஏன்தான் எல்லாவற்றையும் இவள் திருப்பிச் சொல்கிறாளோ.

ஜூலை 5, சனி

சட்டை தேய்த்தாயிற்று. ஆறரைக்குக் காதர் ஆட்டோவில் வருகிறான்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றுப் போல் சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

லிப்டில் ஏழாவது மாடி. மேலே நல்ல காற்று. கயிற்றில் குட்டி குட்டி பல்பு. எங்களுக்குக் கிடைத்த மேசை மேடைக்குப் பக்கத்திலேயே, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் கீழே. காதர், "வேற டேபிள் கேக்கலாமாப்பா?" என்று சாடை காட்டினான். வெள்ளியங்கிரி விடவில்லை. கச்சேரிக்கு வந்துவிட்டு ஓரமாக உட்காருவதா என்கிறான்.

சர்வர் அஸ்ஸாம்காரர் போலிருக்கிறது, குனிந்து என்னவோ கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். எனக்கு மட்டும் மூன்று சூப் வந்தது. வெள்ளியங்கிரி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டான். நான் வேண்டுமென்றுதான் கேட்டேன் என்று மூன்றையும் குடித்துக் காட்டினேன்.

அப்புறம் டிரம்ஸ்காரன் ஆரம்பித்தான் பாருங்கள். நாற்காலிக் கால் வழியாக ஏறி நெஞ்சில் இடிக்கிறது. காதர் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பக்கத்து மேசையில் இருந்த ஐ.டி. பிள்ளைகள் ஒருத்தர் காதில் ஒருத்தர் வாயை வைத்துக் கத்துகிறார்கள், அப்படியும் புரியாமல் "என்ன? என்ன?" என்கிறார்கள். அந்த மாடியில் ஒருத்தருக்கும் ஒருத்தர் பேசுவது கேட்கவில்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி.

நாங்கள் மூன்று பேர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தோம். எப்படி? மில் சாடையில்தான். ரிங் பிரேம் ஷெட்டில் ஆயிரம் கதிர் சுற்றுகிற சத்தத்தில் வாய்க்கு வேலையே கிடையாது. எல்லாம் கைதான். உள்ளங்கையை விரித்து நீட்டினால், மிஷினை நிறுத்து, அடுத்த ஷிப்டில் பார்க்கலாம். மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினால், இழை அறுந்திருக்கிறது, ஒட்டு. நாலு வருஷத்துக்கு அப்புறமும் கை ஒன்றையும் மறக்கவில்லை. ஓட்டல் மானேஜர் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் காதர் மீசையைத் தடவினான். வயிறு வலிக்கச் சிரித்தோம். பாட்டுப் பாடின பெண் எங்களைப் பார்த்து, அவளை ரசித்துத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துக் கும்பிட்டாள். பாவம், நல்ல பெண்.

கோபி மஞ்சூரியன், நாண், காதருக்குப் பிரியாணி, மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம். எல்லாம் முடிந்து பில் வைக்கிற அட்டையை சர்வர் மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். என் நெஞ்சைத் தொட்டான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினான். வாயாலும் என்னவோ கேட்டான். டிரம்ஸில் அது போயிற்று. அவனும் நானும் பில்லைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்கிறான், அவ்வளவுதானே.

நான் அவன் காதருகில் போய்க் கத்தினேன்: "ஒட்டுக்காவே போட்டுக்கலாம்டா! நமக்குள்ள என்ன தனித்தனியா?"

சர்வர் முழித்தார். ஒட்டுக்கா என்றால் எல்லாம் சேர்த்து என்று காதர் அவருக்குக் கையாலேயே காட்டினான்.

வெள்ளியங்கிரி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர். பில்லைப் பங்கு போடுவதற்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அப்புறம் பார்த்தால் முழுப் பில்லையும் அவனே கொடுத்துவிட்டான், என் கையைத் தட்டிவிட்டான். ஒட்டுக்கா என்று சொல்லிவிட்டு ஒருத்தனே கொடுத்தால் என்ன அர்த்தம்? கிறுக்குப் பயல். என்னவோ பேச வேண்டும் என்றானே, அதையும் மறந்துவிட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்குக் காதர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான். காதர் என்னிடம் பேசும்போது எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவான். "எங்கிட்டக்கூட முன்னாலயே சொல்லாம சம்பந்தி ஆயிட்டீங்களேப்பா ரெண்டு பேரும்!" என்றான்.

யாருக்கு யார் சம்பந்தி என்றேன்.

வெள்ளியங்கிரி மகன் பூபாலனுக்குத் தாரணியைக் கேட்டானாம். நான் சரி என்றேனாம். ஓட்டலில், ஐஸ்கிரீமுக்கு அப்புறம், காதர் கண்ணெதிரிலேயே. "நீயும் அவனும்னு காட்டி, ஒட்டிடலாமான்னு கேட்டான். நீ ஒட்டுக்காவே போட்டுக்கலாம்னே. நான்கூட அந்த சர்வர்ட்ட உங்க ரெண்டு குடும்பத்தையும்தான் கையில காட்டுனேன்." ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்று வெள்ளியங்கிரி நாள் பார்த்துவிட்டான். வருகிற ஞாயிறு, பதிமூன்றாம் தேதி. பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

அந்த விரலைத் திருகினது பில்லுக்கு இல்லை, இழைக்கு. இருபத்தெட்டு வருஷம் நாளைக்கு நூறு முறை பார்த்த சாடை. அடுத்தவன் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனை மில் கேட்டில் நிற்க வைத்துச் சிரித்திருப்பேன்.

காதர் போனதும் யோசித்தேன். யோசித்தால், மோசமில்லை. பூபாலன் நல்ல பையன். பம்ப்செட் கம்பெனியில் வேலை. குடிக்க மாட்டான். நம் ஆட்கள். தாரணி இங்கே சிங்காநல்லூரிலேயே இருப்பாள், கூப்பிட்ட குரலுக்கு வருவாள். கை தானாகச் சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது என்றுகூடத் தோன்றியது. எழுந்து போய்ச் சந்தோஷமாகத் தெய்வானையிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, உங்களுக்குப் பித்துக் கித்துப் புடிச்சிருச்சா? பொண்ணுகிட்ட அந்தக் குன்னூருப் பையனுக்குச் செரின்னு சொல்லிப்போட்டு, இங்க வந்து இவனுக்கும் செரிங்கறீங்களே!"

எந்தக் குன்னூர்ப் பையன் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். முகம் மெதுவாக மாறியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, சத்தமாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பையன் பெயர் ஜோசுவா. தாரணியோடு வேலை பார்க்கிற லெக்சரர். குன்னூரில் வீடு. இரண்டு வருஷமாகப் பழக்கம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம்.

அன்றைக்குத் தகரக் கொட்டகையில் மழையில் என் மகள் சொன்னது இதைத்தான்.

ஜூலை 9, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

இரண்டு நாளாகத் தெய்வானை என்னிடம் பேசவில்லை என்று நினைத்தேன். பேசினாளாம். எனக்குத்தான் கேட்கவில்லையாம். சரி, எழுதிவிடுகிறேன், இது என் நோட்டுதானே. எனக்குக் காது கேட்பதில்லை. பெல் நன்றாகத்தான் இருக்கிறது. டி.வி.யும் நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் நான்தான் ஆரம்பித்தேன். "கேக்காம சொன்னது கணக்குல வராது. எனக்குக் கேக்கல, அதனாலதான் தலையாட்டுனேன்னு அவகிட்டச் சொல்லிரலாம். முடிஞ்சுது."

"செரி. அன்னைக்கு உங்களுக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கையிலிருந்த ஸ்பானரை வீசியிருப்பேன். உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்டிருப்பேன். அவள் அழுதிருப்பாள், வேறு மாதிரி அழுதிருப்பாள். பொள்ளாச்சிக்கே போகக் கூடாது என்றும் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

தெய்வானைக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் கச்சாயம் சுட்டாள். முப்பது வருஷமாகப் பார்த்த ஆள் ஒரே நாளில் நல்லவனாகிவிட்டான் என்று நம்பிச் சுட்டாள்.

"எம்பொண்ணு கிட்டப் போய், உங்கப்பனுக்கு மனசு பெருசு இல்ல, காது செவுடு, அவ்வளவுதான்னு சொல்லோணுமா நான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது. வெள்ளியங்கிரிக்குக் கொடுத்த வார்த்தை ஒன்று. மகளுக்குக் கொடுத்த வார்த்தை ஒன்று. இரண்டையும் நான் கேட்காமல் கொடுத்திருக்கிறேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஜூலை 11, வெள்ளி

காதரோடு போய் மிஷின் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து டெஸ்ட் எடுத்த பெண், "எத்தனை வருஷமா இப்படி இருக்குதுங்க சார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நாலஞ்சு வருஷம்" என்று காதர் சொன்னான். அவனுக்கு என் காதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்தால் ஒரே ரகளை. பஸ் ஹாரன் மண்டைக்குள் அடிக்கிறது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுச் சீலிங் பேன் கிரீச் கிரீச் என்கிறது, மூன்று வருஷமாக இப்படித்தானாம், ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள்.

சாயங்காலம் தாரணி வந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து அறையில் போனில் பேசினாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. சுவரைத் தாண்டி வந்து தானாகக் காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்தப் பையனோடுதான் பேசுகிறாள். அவன் அப்பா இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. இவள் சொல்கிறாள்: "உங்கப்பாகிட்ட எங்கப்பாவப் பத்திச் சொல்லுடா. மில்லுல வேலை செஞ்சவருதான். ஆனா நான் பத்து நிமிஷம் பேசினேன், ஒரு வார்த்தை குறுக்க பேசல. முழுசாக் கேட்டாரு. நான் சொல்றத யாருமே அப்படிக் கேட்டதில்ல."

மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது.

ஜூலை 12, சனி

காலையிலேயே வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போனேன். மிஷினை மாட்டிக்கொண்டுதான் போனேன். வாசலில் பூபாலன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்றான். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான், இன்றைக்கு அதில் ஒரு வெட்கம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

வெள்ளியங்கிரியின் வீட்டுக்காரி பூங்கோதை நாளைக்கு வைக்க வேண்டிய தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாம்பழக் கலர் சேலையைப் பிரித்துக் காட்டி, "தாரணிக்கு எடுப்பா இருக்குமுங்களாண்ணா?" என்றாள். நான் உட்காரவே இல்லை.

"வெள்ளியங்கிரி, எனக்குக் காது கேக்காது."

வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அது ஊருக்கே தெரியும். அதுக்கென்ன இப்ப?" என்றான்.

"அன்னைக்கு ஓட்டல்ல நீ கேட்டது எனக்கு விளங்கல."

"வாயில கேட்டத வுடுடா. கை சாடையில கேட்டேன். கை சாடைக்கு எதுக்குடா காது?"

"பில்லுன்னு நெனச்சேன்டா."

பூங்கோதை சட்டென்று சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. தன் இரண்டு விரலையும் கொஞ்ச நேரம் பார்த்தான். ஷெட்டில் ஒரு நாளும் அவன் சாடையை நான் தப்பாக எடுத்ததில்லை.

"செரி" என்றான். "அன்னைக்குப் பில்லு. இன்னைக்கு மிஷின் மாட்டிட்டு வந்திருக்கறே. இப்ப வாயாலயே கேக்கறேன். என்ற பையனுக்கு உன்ற பொண்ணக் குடுக்கறயா?"

நன்றாகக் கேட்டது. இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வாசலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது, அதுவும் கேட்டது. ஆம் என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

"தாரணி ஒரு பையனப் பாத்திருக்கறா. நான் செரின்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"போன மாசம் இருபத்தொண்ணாந் தேதி."

"நம்ம ஆளுங்களா?"

"இல்ல. குன்னூருக்காரங்க. சர்ச்சுக்குப் போறவங்க."

"நீயா செரின்னே?"

"நாந்தான். அவ சொன்னா, முழுசாக் கேட்டுட்டுத்தான் செரின்னேன்."

இது பொய். இருபத்தொன்றாம் தேதி எனக்கு மழைதான் கேட்டது. ஆனால் சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. சொல்லி முடித்ததும் இனி அதை மாற்ற முடியாது என்று தெரிந்தது, அதில் ஒரு பலம் வந்தது.

வெள்ளியங்கிரி கத்தியிருந்தால் தேவலை. "நாளைக்குப் பங்காளிகளுக்கெல்லாம் நான் என்னடா சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டான். செவிட்டுப் பயலை நம்பினது என் தப்பு என்று சொல், என்மேல் போடு என்றேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். பூங்கோதை சேலையை மடிக்கத் தெரியாதவள் மாதிரி மடித்துக்கொண்டிருந்தாள். பூபாலனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தோளைத் தொட்டேன். "பரவால்லீங்க மாமா" என்றான். அந்தப் பையன் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். வெள்ளியங்கிரி கேட்டில் வந்து நின்றிருந்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினான். நிறுத்து, அடுத்த ஷிப்டில் பார்க்கலாம். அடுத்த ஷிப்ட் எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

தாரணி சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். காலை டிபன் ஆனதும் அவளைக் கூப்பிட்டேன். மிஷினை அவள் எதிரிலேயே எடுத்துக் காதில் மாட்டினேன்.

"எப்பப்பா வாங்குனீங்க?"

"முந்தா நாளு."

அவள் பொள்ளாச்சியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்ப அன்னைக்கு மழையில..." என்றாள்.

"ஒண்ணும் கேக்கல அம்மிணி. டூருன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டுனீங்க?"

"கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அந்தப் பையனிடம், அவன் அப்பாவிடம், சிநேகிதிகளிடம் எல்லாம் சொன்னது அவள் நினைவுக்கு வந்திருக்கும். நான் சும்மா இருந்திருக்கலாம், எல்லாம் கேட்டது என்று இவளிடமும் சொல்லியிருக்கலாம். வெள்ளியங்கிரியிடம் சொல்ல முடிந்த பொய் இவளிடம் வரவில்லை. முழுசாகக் கேட்டார் என்று சொன்னவளிடம் அதைச் சொல்ல முடியாது.

"இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

சொன்னாள். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. எப்படி இருக்க முடியும், ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறதே! சர்ச்சில் கல்யாணம் என்றால் எப்படி என்று கேட்டேன். கல்யாணத்தை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக்கொள்கிறோம், யாரும் யாருக்காகவும் மாற வேண்டாம் என்றாள். பிறக்கிற பிள்ளைகள் எங்கே கும்பிடும் என்றேன். பிறக்கட்டும், அதுகளைக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். சொந்தக்காரர்கள் காரித் துப்புவார்கள் என்றேன். அவர்களா வந்து எனக்குச் சோறு போடப்போகிறார்கள் என்றாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். எனக்குப் பிறந்தவள்தானே. வெள்ளியங்கிரியின் விஷயத்தையும் சொன்னேன், அதற்குத் தனியாக ஒரு சண்டை போட்டாள், "என்னைக் கேக்காம பில்லுல சேத்து விட்டீங்களாப்பா?" என்று. தெய்வானை அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டாள். ஒன்றேகால் மணி நேரம். மிஷின் கீ கீ என்று ஊளையிட்டது, தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டேன்.

"அன்னைக்கு நீங்க பேசாம இருந்தது எவ்வளவு நல்லாருந்துச்சு" என்றாள் கடைசியில். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அந்தப் பையன் உன்னை நல்லா வெச்சுக்குவானா?"

"நானும் அவனை நல்லா வெச்சுக்குவேன்ப்பா."

இது எனக்குப் பிடித்தது. எனக்குப் பயம் போகவில்லை. சொந்தபந்தத்தில் நாலு விசேஷத்துக்கு இனி நம்மைக் கூப்பிட மாட்டார்கள். வெள்ளியங்கிரி என்றைக்கு என் வாசலில் ஏறுவான் என்று தெரியாது. எல்லாம் தெரிந்துதான், எல்லாம் கேட்டுத்தான் சொன்னேன்: "போன மாசம் சொன்னது கேக்காம சொன்னது. அத வுட்டுரு. இப்பச் சொல்றேன். எனக்குச் செரி. அவங்களை வீட்டுக்கு வரச் சொல்லு."

இந்த முறை அவள் அழவில்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. அப்படியே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அதனால் இன்னொரு முறை சொன்னேன்.